எம்சிபியா, ஆர்சிசிபியா? கட்டட வேலையிடத்து மின்பலகைக்கு எது?

தற்காலிக மின்பலகையில் எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் இருந்தால் போதும் என்று பல மேஸ்திரிகள் நினைக்கிறார்கள். போதாது. 16 ஆம்பியர் எம்சிபி அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும், அதாவது தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒயர் எரியாமல் காக்கும். உடல்வழியாக மண்ணுக்குப் பாயும் சிறு மின்னோட்டம் அதற்குத் தெரியவே தெரியாது.

ஆர்சிசிபி என்பது மின்கசிவைக் கண்டால் விழும் சுவிட்ச். ஃபேஸ் ஒயரில் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் ஒயரில் திரும்புவதும் சமமா என்று அது ஓயாமல் பார்க்கிறது. தண்ணீர் தேங்கிய தளத்தில், தோல் உரிந்த ஒயரை ஒருவர் வெறுங்காலோடு மிதிக்கிறார். அவர் உடல்வழியாக 30 மில்லியாம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி நொடிக்கும் குறைவான நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். 16 ஆம்பியரில் அது ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை!

ஆனால் அதிகச் சுமையை ஆர்சிசிபி தடுக்காது. எம்சிபியும் உடன் வேண்டும்.

கான்கிரீட் மிக்சரை ஓட்டினால் அடிக்கடி விழுகிறதென்று ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கிறார்கள். நெஞ்சு பதறுகிறது. கசிவு மிக்சரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தினமும் காலையில் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.