யாழ்ப்பாணத்தில் கலியாண எழுத்தும் விவாகப் பதிவுப் பிரதியும்: சேவை எப்படி?

வேலை நடக்கும், தமிழிலேயே நடக்கும், கட்டணமும் பெரிய சுமையில்லை. யாழ்ப்பாணத்து விவாகப் பதிவுச் சேவைக்கு இந்த நற்சான்றைத் தயங்காமல் கொடுக்கலாம். குறை ஒன்றுதான்: யாரும் தானாக எதையும் விளக்கிச் சொல்வதில்லை. கலியாணம் செய்யப்போகிறோம் என்று பதிவாளருக்கு முன்கூட்டியே கொடுக்கும் விவாக அறிவித்தல் படிவத்தில் முதல்நாள் விடும் பிழை, கலியாண மண்டபம் வரைக்கும் வந்து, பிறகு துணையை வெளிநாட்டுக்கு எடுப்பிக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பத்திலும் தலைகாட்டும். ஆகவே அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் நாங்கள் "எழுத்து" என்று சொல்வது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவு. முஸ்லிம் விவாகங்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு. அது இந்த வழியில் வராது. பெண்ணுக்கும் ஆணுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும் இதில் விலக்கில்லை.

அறிவித்தலை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் முதல் தடுமாற்றம் வருகிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பதிவாளர் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்திருந்தால் ஒருவர் கொடுத்தாலே போதும். பெண் கோப்பாய், மாப்பிள்ளை கரவெட்டி என்றால் இருவரும் தத்தமது பிரிவுப் பதிவாளரிடம் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு நாள் குறித்தவர்கள், மற்றப் பிரிவுப் பதிவாளர் அறிவித்தலுக்குத் தரும் சான்றிதழ் இல்லாமல் கடைசி வாரத்தில் ஓடித்திரிவது இதனால்தான். ஒருவர் இலங்கையில் வசிக்காதவராக இருந்தால், இங்கே வசிப்பவர் தன் பிரிவில் கொடுக்கும் அறிவித்தல் போதும். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்திறங்கும் வரைக்கும் காத்திருந்து நாளை வீணாக்க வேண்டியதில்லை.

அறிவித்தல் பதியப்பட்ட நாளிலிருந்து 12 நாள் கழித்தே பதிவாளர் சான்றிதழ் தருவார். இடைப்பட்ட காலத்தில் அறிவித்தல் பார்வைக்குப் போடப்பட்டிருக்கும். ஆட்சேபம் உள்ளவர் தெரிவிக்கலாம். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதவர்களுக்கு மாவட்டப் பதிவாளரின் விசேட அனுமதிப்பத்திரம் என்ற வழி இருக்கிறது. அறிவித்தல் 3 மாதத்துக்குத்தான் செல்லும். மார்கழிக்கு முன்னமே கொடுத்துவிட்டுப் பங்குனி முகூர்த்தத்துக்கு நாள் வைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் ஒரே பதிவாளரைப் பல மண்டபங்கள் கேட்கும். அந்த மாதங்களில் ஐயரிடம் நாள் கேட்கும்போதே பதிவாளரின் நேரத்தையும் கேட்டுவையுங்கள். மண்டபத்திலோ வீட்டிலோ எழுதுவதற்கு வேறு அனுமதியும் வேறு கட்டணமும் உண்டு. அதை அறிவித்தல் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: இருவரின் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வசிப்பிடத்துக்கு விதானையார் (கிராம அலுவலர்) கடிதம் கேட்டால் அதுவும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவருக்குக் கடவுச்சீட்டும், மணமாகாதவர் என்று அந்த நாட்டு அதிகாரம் கொடுத்த சான்றும் வேண்டும். பிரெஞ்சு, ஜேர்மன், நோர்வீஜியன் மொழிப் பத்திரமென்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் முதலே கொடுத்துவிட வேண்டும். துணையை இழந்தவருக்கு இறப்புச் சான்றிதழ். விவாகரத்தானவர்கள் இடைக்காலத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வந்து திரும்பிப் போவது அடிக்கடி நடக்கும். அந்தத் தீர்ப்பு 3 மாதம் கழித்து முற்றாக்கப்பட்ட பிறகே மறுமணம் செய்யலாம். பதிவாளர் பார்ப்பது முற்றான தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியைத்தான்.

பெயரில்தான் ஆகக்கூடிய சேதம். பிறப்புச் சான்றிதழில் "சிவபாக்கியம்" என்றும், அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு சேர்த்தும், கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டலிலும் இருக்கும். பதிவில் ஏறுவதை அப்படியே மொழிபெயர்த்துத்தான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். மூன்றையும் ஒரு கடதாசியில் பக்கத்துப் பக்கம் எழுதிக் கொண்டுபோய், எது பதிவில் ஏறப்போகிறது என்று பதிவாளரிடம் கேளுங்கள். தகப்பனின் பெயர், தொழில், பிறந்த திகதி, முகவரி எல்லாவற்றையும் கையொப்பத்துக்கு முன் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மூலப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். படம் எடுப்பவர் அவசரப்படுத்துவார், பொருட்படுத்த வேண்டாம். கையொப்பம் விழுந்தபின் ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் தனி விண்ணப்பம், ஆதாரம், காத்திருப்பு.

எழுத்து நேரத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் அடையாள அட்டையோடு வரட்டும். மாமனார்மார் சாட்சிக்கு நிற்பதென்று முடிவெடுத்துவிட்டு அட்டையை வீட்டில் விட்டுவருவது புதுமையில்லை. தேவாலயத்தில் கலியாணம் செய்பவர்களுக்கும் பதிவாளரின் சான்றிதழ் வேண்டும், அதைக் குருவானவரிடம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பிரதி எடுப்பது. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவுதான் இதற்குரிய கருமபீடம். எழுதி முடிந்த மறுநாளே போனால் கிடைக்காது. பதிவாளரிடமிருந்து இரண்டாம் பிரதி செயலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பதிவிலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கமாக முடிகிறது. தெரியாவிட்டால் புத்தகத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் கூட. ஒரு பிரதியோடு திரும்பாமல் மூன்று நான்கு எடுத்துவிடுங்கள். விசாவுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, காணி உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு ஒன்று என்று போய்விடும். நொத்தாரிசு கேட்பதற்கு இங்கே தனிக் காரணம் உண்டு: யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்க, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. காணி உறுதி எழுதும்போது கலியாணப் பதிவு கேட்கப்படுவது அதனால்தான்.

பழைய பதிவு தேடுவது பொறுமை கேட்கும் வேலை, இந்தச் சேவையின் பலவீனமான பக்கமும் அதுதான். "யாழ்ப்பாணத்தில் 70களில் கட்டினவை" என்று சொன்னால் யாராலும் தேடித்தர முடியாது. கலியாணம் எந்த ஊரில், எந்தக் கோயிலில் அல்லது வீட்டில் நடந்தது, அப்போது அந்த ஊர் எந்தப் பதிவாளர் பிரிவில் இருந்தது என்பதுதான் முதலில் வேண்டியது. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டமாயின. ஆகவே கிளிநொச்சியில் 1970களில் எழுதிய பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்றிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும், அவ்வளவே. 1990 வலிகாமம் வடக்கு இடப்பெயர்வு, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு ஆகிய காலங்களில் சொந்த ஊரில் இல்லாமல் தென்மராட்சியிலோ வன்னியிலோ எழுதியவர்கள் பலர். அவர்களுடைய பதிவைப் பிறந்த ஊரில் தேடிப் பயனில்லை, அப்போது தங்கியிருந்த இடத்தில் தேட வேண்டும்.

ஒரு பிரதேச செயலகத்தில் இல்லை என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் வேறு செயலகத்திலும் எடுக்கலாம். இல்லாவிட்டால் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு எழுதலாம். "தேடியும் காணப்படவில்லை" என்ற பதிலை வாய்ச்சொல்லாக ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றத்திலோ தூதரகத்திலோ அடுத்த கதவைத் திறக்க அந்தக் கடிதம் வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரதிக்கு வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. அந்த அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் கண்டி வீதியிலுள்ள யாழ் மாவட்டச் செயலகத்தில், நாங்கள் கச்சேரி என்று சொல்லும் இடத்திலேயே இருக்கிறது. போட்டோப்பிரதியோடு போகாமல், மேலதிக மாவட்டப் பதிவாளர் கையொப்பமிட்ட மூலப் பிரதியோடு போக வேண்டும். மொத்தச் சேவையிலும் யாழ்ப்பாணத்தாருக்கு மிகப் பெரிய ஆறுதல் இந்த அலுவலகம்தான்.

இன்னொன்று, பழைய தலைமுறைக்காக. தாலி கட்டி, கூறை கொடுத்து, எழுத்தில்லாமலே வாழ்ந்த பெற்றோருக்குப் பதிவைத் தேடித் தேடிப் பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். வழமைப்படி நடந்த கலியாணம் எழுதப்படவில்லை என்பதால் மட்டும் செல்லாமல் போவதில்லை. பதிவு என்பது அதற்கான சிறந்த சான்று. அப்படியானவர்களுக்கு, பெற்றோர் விவாகமானவர்கள் என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிதழ்களும், சடங்கைக் கண்ட வயதானவர்களின் சத்தியக்கடதாசிகளும்தான் கைகொடுக்கும். அந்த வயதானவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கி வையுங்கள்.