12 அங்குலத் தாள்: படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா, பெட்டியில் பூட்டுவதா?

போட்டோக்களை அலங்காரத் தாளில் ஒட்டி ஆல்பமாக்கும் ஸ்கிராப்புக் வேலை செய்பவர்கள் வீட்டில் ஸ்டிக்கர், ரிப்பன், தாளைப் பூவாகவும் வட்டமாகவும் வெட்டும் பஞ்ச், மை எல்லாம் ஏதாவது ஒரு டப்பாவில் அடங்கிவிடும். தாள் மட்டும் அடங்காது. அதற்குக் காரணம் அதன் அளவு. 12க்கு 12 அங்குலம் என்பது 30.5 செ.மீ. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஃபைல், டிரே, ரேக் எல்லாம் ஏ4 கணக்கில் செய்தவை. ஏ4 தாளின் நீளப் பக்கமே 29.7 செ.மீ.தான். ஏ3 வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஏ3 தாளின் குறுகிய பக்கமும் அதே 29.7. எட்டு மில்லிமீட்டர் இடிக்கும். ஃபைலைக் கொஞ்சம் தாராளமாகச் செய்திருந்தால் தாள் நுழையும், இல்லையென்றால் ஓரம் மடங்கும்.

சில கம்பெனித் தாள்களில் பெயரும் டிசைன் எண்ணும் அச்சிட்ட அரை அங்குலப் பட்டை ஒன்று ஓரத்தில் கூடுதலாக இருக்கும். அதையும் சேர்த்தால் 12 அங்குலத்துக்கென்றே செய்த பெட்டியில்கூட மூடி சரியாக உட்காராது. ஆகவே எதை வாங்கினாலும், ஆசாரியிடம் சொல்லிச் செய்தாலும், உள்ளளவு 13 அங்குலம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியளவைச் சொல்லி விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

நான் இங்கே ஒப்பிடப்போவது முழுத்தாள் வைப்பவர்களுக்கான மூன்று வழிகளை. ஏ4 தாளில் கார்டு மட்டும் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. ஏதாவது ஸ்டேஷனரி கடைக்குப் போனால் வேலை முடிந்தது.

படுக்க வைப்பது

தாளுக்கு இயல்பான நிலை இதுதான். நான்கு பக்கமும் ஒரே மாதிரி தாங்கல் கிடைப்பதால் வளையாது, சுருளாது. கார்ட்ஸ்டாக் போன்ற கனமான தாளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பிரச்சினை எடையில் வரும். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கார்ட்ஸ்டாக் முழுத்தாள் ஒன்று சுமார் 23 கிராம். நூறு தாள் என்றால் 2.3 கிலோ. முந்நூறு தாளை ஒரே அடுக்காக வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் அரக்குச் சிவப்பு வேண்டும் என்று தேடிப் பாருங்கள். இடது உள்ளங்கையால் மேலே உள்ள மூன்று கிலோவைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது அடியில் உள்ள தாளும் கூடவே ஒட்டிக்கொண்டு அரை அங்குலம் வெளியே வரும்; திருப்பித் தள்ளினால் மூலை நசுங்கும். மூலை நசுங்கிய தாளை ஆல்பத்தின் அடித்தாளாகப் போட முடியாது, வெட்டித்தான் பயன்படுத்த வேண்டும்.

அதனால் படுக்க வைப்பதென்றால் நிறையத் தட்டு, தட்டுக்குக் கொஞ்சம் தாள் என்பதுதான் கணக்கு. இரண்டு அங்குல இடைவெளியில் தட்டு அடித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அங்குல உயரத்துக்கு மேல் அடுக்காமல் இருந்தால் தட்டுக்கு ஏறத்தாழ 80 கார்ட்ஸ்டாக் வரும். தட்டின் முன்விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு விடச் சொல்லுங்கள். அந்த வெட்டுக்குள் விரலை விட்டு மொத்த அடுக்கையும் மேலே தூக்கிவிடலாம். வெட்டு இல்லாத தட்டில் தாளின் விளிம்பை நகத்தால் நெம்ப வேண்டியிருக்கும், வெளிர் நிறத் தாள் என்றால் நகத்தடம் அப்படியே தெரியும்.

ப்ளைவுட்டில் செய்தால் உள்பக்கமும் சன்மைகா ஒட்டச் சொல்லுங்கள். மரமும் அதில் உள்ள பசையும் மெல்ல அமில ஆவி விடும். நாளடைவில் மஞ்சளாகாத அமிலமில்லாத் தாள் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கிவந்து பச்சை ப்ளைவுட் மேல் நேராக வைப்பதில் அர்த்தமில்லை. ஆசாரி "உள்ளே யார் பார்க்கப் போறாங்க?" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதைவிட மலிவான வழி பழைய இரும்பு பீரோ. பலர் வீட்டில் ஒன்று சும்மா நிற்கிறது. பீரோவின் தட்டு ஆழம் 12 அங்குலத் தாளுக்குத் தாராளம், இரும்பைக் கரையான் தின்னாது, மரத்தின் அமிலத் தொல்லை இல்லை, கதவைச் சாத்தினால் வெயில் படாது. தட்டுகளுக்கு இடையே உயரம் அதிகம் என்பதுதான் குறை. நடுவில் வைக்க கம்பி ரேக் இரண்டு வாங்கிப் போட்டால் போதும். அழகாக இருக்காது, வீடியோவில் காட்ட முடியாது. ஆனால் தாளுக்கு அழகான அலமாரி தேவையில்லை.

நிற்க வைப்பது

தேடுவதில் இதுதான் முதல். புத்தகம்போல முதுகு காட்டி நிற்கும்போது ஒரு கையால் புரட்டிப் பார்க்கலாம், ஒரு தாளை எடுக்க மற்றவற்றைத் தூக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்கிராப்புக் செய்பவர்கள் பலர் ஐகியா என்ற மரச்சாமான் கம்பெனியின் கல்லாக்ஸ் அலமாரியைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு கட்டமும் உள்ளே 33 செ.மீ. சதுரம். எல்பி இசைத்தட்டு சேர்ப்பவர்களும் அதே அலமாரியைத்தான் வாங்குகிறார்கள், ஏனென்றால் எல்பியும் 12 அங்குலம். இதில் நமக்கு ஓர் ஆதாயம் உண்டு: எல்பிக்கான பிளாஸ்டிக் வெளியுறை நம் தாளுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஸ்கிராப்புக் உறை என்ற பெயரில் இறக்குமதியாவதைவிடப் பல நேரம் மலிவு.

ஆனால் நிற்க வைப்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தாள் தன்னால் நிற்காது. கட்டம் நிறைய இருக்கும்வரை ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். பாதி காலியானதும் மேல்பகுதி சரிந்து, தாள் வில்லாக வளையும். ஒரு மழைக்காலம் அப்படியே இருந்தால் அந்த வளைவு தங்கிவிடும். அப்புறம் புத்தகக் கனத்தின் அடியில் வைத்தாலும் முழுதாகப் போகாது. ஒரு பக்கம் மட்டும் மினுமினுப்புப் பூச்சு உள்ள தாள் இன்னும் மோசம். பூச்சுள்ள பக்கமும் இல்லாத பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காததால், தாள் எப்படியும் ஒரு பக்கமாகச் சுருளப் பார்க்கும்.

இதற்கு மாற்று, தாளைத் தனியாக நிறுத்தாமல் உறையில் போட்டு நிறுத்துவது. உறைக்குப் பத்துப் பன்னிரண்டு தாள், பின்னால் ஒரு பைண்டிங் அட்டை. பைண்டிங் அட்டையில் பெரும்பாலும் அமிலம் இருக்கும், அதனால் அது உறைக்கு வெளியே நிற்கட்டும். அட்டை முதுகெலும்பாக இருந்து தாளைச் சரியவிடாது. கட்டத்தில் இடம் காலியானால் தடித்த அட்டை ஒன்றைச் செருகி இறுக்கிவிடுங்கள். ரொம்ப இறுக்கினாலும் தப்பு, எடுக்கும்போது பக்கத்து உறை கிழியும்.

கடையில் கிடைக்கும் மேகசின் ஹோல்டரில் 12 அங்குலத் தாளை நிறுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஏ4க்குச் செய்த ஹோல்டரில் தாள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். துருத்திய பகுதி முதலில் தூசி பிடிக்கும், அப்புறம் வெளுக்கும், கடைசியில் மடங்கும். அது வேண்டாம்.

ஜன்னலுக்கு நேரே அலமாரி இருந்தால் நிற்க வைத்த தாள்களின் வெளி விளிம்பு மட்டும் நிறம் மங்கும். உறைக்குள் இருந்தாலும் இது நடக்கும். ஒரு திரைத்துணி போட்டால் தீரும்.

மூடிப் பெட்டி

பிளாஸ்டிக் பெட்டிக்கு மழைக்கும் பூச்சிக்கும் எதிராக நல்ல பேர் உண்டு, பாதி நியாயம்தான். ராமபாணப் பூச்சி உள்ளே வராது. வீடு துடைக்கும்போது தண்ணீர் தெறித்தாலும் கவலையில்லை. வகுப்புக்கோ தோழி வீட்டுக்கோ தூக்கிப் போகலாம். வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது.

ஆனால் பெட்டி வெளியே உள்ள ஈரத்தை மட்டுமா தடுக்கிறது? உள்ளே மாட்டியதையும் வெளியே விடாது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். தாளுக்கு 50-க்குக் கீழே இருப்பதுதான் இதம். நவம்பரில் அடைமழை நாளில் பெட்டியைத் திறந்து, அடுக்கி, மூடினால் அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். சிலிகா ஜெல் பொட்டலம் போட்டே ஆக வேண்டும். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று பார்த்ததும் தெரியும்.

இன்னொன்று, எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. பெட்டியின் அடியில் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், தைரியமாக வாங்கலாம். 3 என்றால் பிவிசி. அதைத் தாளுக்கும் போட்டோவுக்கும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் நாளடைவில் கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். மாவட்டத் தலைநகர் பேருந்து நிலையக் கடையில் கிடைக்கும் பிசுபிசுப்பான, வாடை அடிக்கும் உறைகள் பெரும்பாலும் இந்த வகை. மூக்கே சொல்லிவிடும்.

பெட்டியின் உண்மையான எதிரி அடுக்கு. இரண்டு பெட்டி வரை சுகம். ஐந்து பெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வேண்டிய தாள் அடிப்பெட்டியில்தான் இருக்கும். எடுக்கச் சோம்பல் வந்து, மேல்பெட்டியில் இருக்கும் தாளிலேயே ஆல்பம் முழுக்க முடித்துவிடுவோம். வாங்கி வைத்த தாள் அப்படியே கிடக்கும்.

பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போட்டு மூடும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. அந்த வாடை தாளில் ஏறிவிட்டால் குழந்தை ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அதுதான் முதலில் வரும். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு சேர்த்த பொடியைத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. அதே மாதிரி ஒரு முடிச்சை அலமாரி மூலையில், தாளைத் தொடாமல் வைத்தால் போதும்.

என் ஓட்டு

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நிற்க வைப்பது, அதுவும் உறையில். தாளைப் பார்க்க முடிந்தால்தான் பயன்படுத்துவோம். ஆனால் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வழவழப்பான ஒற்றை நிறக் கார்ட்ஸ்டாக்கைப் படுக்க வைத்து, டிசைன் அச்சிட்ட பேட்டர்ன் தாளை உறையில் நிறுத்தினால் இரண்டின் நல்லதும் கிடைக்கும். பெட்டியை இப்போது செய்துகொண்டிருக்கும் ஒரே ஆல்பத்துக்கு ஒதுக்குங்கள்: அந்த வேலைக்கான தாள், போட்டோ, அலங்காரம் எல்லாம் அதில், ஆல்பம் முடிந்ததும் பெட்டி காலி. கிளிட்டர் தாளை எங்கே வைத்தாலும் தனி உறை கட்டாயம். பக்கத்துத் தாளில் அது உதிர்த்த பொடியை எந்தத் துணியாலும் முழுதாகத் துடைக்க முடியாது.

நிறமா, கம்பெனியா, விசேஷமா?

எங்கே வைப்பது என்பதைவிட எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் ஸ்கிராப்புக்காரர்கள் அதிகம் சண்டை போடுவார்கள். கார்ட்ஸ்டாக்கில் சண்டைக்கு இடமில்லை, நிறவரிசைதான். பேட்டர்ன் தாளை நிறவாரியாகப் பிரித்தால் கண்ணுக்கு விருந்து, வேலைக்கு இடைஞ்சல். ஒரு தொகுப்பில் வரும் தாள்கள் ஒன்றோடொன்று சேரும்படி வடிவமைத்தவை. பிரித்துப் போட்டால் அந்த உழைப்பு வீண். தவிர, இப்போது பெரும்பாலான பேட்டர்ன் தாள் இரண்டு பக்கமும் அச்சிட்டது. முன்பக்கம் ரோஜாப்பூ, பின்பக்கம் நீலக் கோடு என்றால் எந்த நிறத்தில் போடுவது?

அதனால் புதுத் தொகுப்பை அப்படியே ஒரே உறையில் வையுங்கள். நாலைந்து தாள் மட்டும் மிஞ்சி, தொகுப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதும் பிரித்து நிறவரிசைக்கு அனுப்புங்கள். விசேஷவாரியாகப் பிரிப்பது, ஆர்டருக்கு ஆல்பம் செய்பவர்களுக்கு உதவும்: வளைகாப்பு, முதல் பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று மூன்று நான்கு உறை. இறக்குமதித் தொகுப்பில் பனிமனிதனும் ஹாலோவீன் பூசணியும் கட்டாயம் வரும். அவற்றைத் திருப்பிப் போட்டால் பின்பக்கக் கோடும் புள்ளியும் எல்லா விசேஷத்துக்கும் ஆகும்.

துண்டுகள்

வெட்டி மிச்சமான துண்டுக்கு முழுத்தாள் இடத்தில் வேலையில்லை. அங்கே போட்டால் இடுக்கில் விழுந்து காணாமல் போகும். இங்கேதான் அந்த ஏ4 ஃபைல் கைகொடுக்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவிலோ உங்கள் ஊர் ஸ்டேஷனரி கடையிலோ ஒளி ஊடுருவும் உறை உள்ள ஃபைல் ஒன்று வாங்கி, நிறத்துக்கு ஓர் உறை என்று போடுங்கள். ஓர் உறை உப்பிப் போய் மூடாமல் நின்றால் அந்த நிறத்தில் புதுத்தாள் வாங்காதீர்கள். நான்கு விரல் அகலத்துக்குக் குறைந்த துண்டை ஃபைலில் சேர்க்க வேண்டாம், அன்றைக்கே பஞ்ச் போட்டு பூவாகவோ வட்டமாகவோ ஒரு டப்பியில் தள்ளிவிடுங்கள்.