குன்னூரில் ஓர் உடலுணர்வுப் பயிலரங்கு: மதிப்புரை

உடலுக்குள் நிகழ்வதை மூளை எவ்வாறு உணர்ச்சியாக்குகிறது, அதே வழியில் பிறரை எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதை விளக்கும் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று குன்னூரில், பழைய தேயிலைத் தோட்டப் பங்களா ஒன்றில் நடக்கிறது. இரண்டு நாட்களும் ஒரே தரத்தில் இல்லை.

முதல் நாளின் உரை சிறப்பானது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவொன்றில் முன் இருக்கைக்காரர் வாந்தியெடுத்தால் அதுவரை அமைதியாக இருந்த நம் வயிறும் ஏன் புரட்டுகிறது என்ற கேள்வியுடன் பயிற்றுநர் தொடங்கினார். அருவருப்பான வாடையை நுகரும்போதும், அருவருப்பில் சுளிக்கும் இன்னொருவர் முகத்தைக் காணும்போதும் மூளையின் இன்சுலா என்ற பகுதியின் முன்புறத்தில் ஒரே இடம் செயல்படுவதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளையின் பக்கவாட்டுப் பிளவுக்குள் புதைந்திருக்கும் இந்தப் பகுதிக்கு இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றின் நிலை பற்றிய செய்திகளும் வந்து சேர்கின்றன. மூளை ஆய்வாளர் டானியா சிங்கர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்றுநர் விளக்கிய விதம் இன்னும் தெளிவு. தம் துணைவருக்கு வலி தரப்படுவதை அறிந்த பெண்களிடம் முன் இன்சுலாவும் முன் சிங்குலேட் என்ற இன்னொரு மூளைப் பகுதியும் இயங்கின; வலி உடலில் எங்கே என்பதைப் பதிவு செய்யும் பகுதியோ அவர்கள் தாமே வலியை உணர்ந்தபோது மட்டும் இயங்கியது. அதாவது, நாம் பகிர்ந்துகொள்வது வலியின் வேதனையைத்தான், அது உறைக்கும் இடத்தை அன்று.

இரண்டாம் நாள் ஏமாற்றம். நாடியைத் தொடாமல் இதயத்துடிப்பை எண்ணச் சொல்லி, அந்த எண்ணிக்கையைக் கொண்டே நம் பரிவுக்கு மதிப்பெண் இட்டார்கள். நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்று தெரிந்தவர் எதையும் உணராமலே நல்ல மதிப்பெண் பெற்றுவிடலாம் என்ற விமர்சனம் இந்தச் சோதனையின் மேல் நெடுநாளாக உண்டு. அதைச் சொல்லவே இல்லை. சூடான கோப்பையைப் பிடித்தால் அந்நியர் மீது நல்லெண்ணம் பிறக்கும் என்ற 2008ஆம் ஆண்டு முடிவையும் மறுபேச்சின்றி ஒப்பித்தார்கள். கூடுதல் ஆட்களைக் கொண்டு பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்த விளைவு கிடைக்கவில்லை. (கோப்பையிலிருந்த தேநீர் அருமை என்பது வேறு விஷயம்.)

தங்குமிடம் எளிமையானது, உணவில் குறையில்லை. இரண்டாம் நாளுக்குக் கட்டணம் தனி என்பதால் முதல் நாளுக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். கேள்விகளுக்குப் பயிற்றுநர் தாராளமாக நேரம் ஒதுக்குவதும் அன்றுதான்.