கரண்ட் போனால்தான் 720 தெளிவாகக் கேட்கிறது

என் டிரான்சிஸ்டர் ரேடியோவில் வால்யூமைத் திருகினாலே கரகரவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் வீடு, உப்புக் காற்று. போன வாரம் ரிச்சி தெருவில் கொடுத்து வால்யூம் கண்ட்ரோலை மாற்றியாயிற்று. இப்போது திருகு வெண்ணெயாய்ச் சுழல்கிறது. அதைப் பற்றிப் பேச வேறு ஒன்றும் இல்லை.

பேச வேண்டியது மீடியம் வேவ் பற்றி, அதாவது எஃப்.எம். அல்லாத அந்தப் பழைய ரேடியோ அலைவரிசை பற்றி. எஃப்.எம். ரெயின்போ 101.4 வீட்டில் எந்த மூலையில் வைத்தாலும் அருமையாக எடுக்கிறது. மீடியம் வேவில் முள்ளை 720 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால், சென்னை வானொலிக்கு மேலே 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் உட்கார்ந்துகொள்கிறது. ஒலிபரப்பி 200 கிலோவாட். அதுவும் இதே ஊரில். அந்தக் குரலையே அமுக்குகிற சத்தம் எங்கிருந்து வருகிறது?

மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். இரைச்சல் சட்டென்று நின்றது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டேன். ஃபேன் போட்டேன், ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜ், பரவாயில்லை. வைஃபை ரவுட்டரின் அடாப்டரை மாட்டியதும் லேசாக ஆரம்பித்தது. ஹாலில் இருக்கும் மலிவு எல்.இ.டி. பல்பைப் போட்டதும் செய்தி வாசிப்பவர் காணாமல் போனார். பிளாட்பாரத்தில் வாங்கிய போன் சார்ஜர் அதையும் மிஞ்சியது.

காரணம் எளிது. அடாப்டர், எல்.இ.டி. பல்பு, சார்ஜர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வோல்டேஜை மாற்றுகின்றன. அந்த வெட்டு வேகத்தின் மடங்குகளாகப் பிறக்கும் அதிர்வெண்கள் நேராக 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மீடியம் வேவில் வந்து விழுகின்றன. அதைத் தடுக்கச் சின்னதாக ஒரு கம்பிச் சுருளும் ஒன்றிரண்டு கெப்பாசிட்டரும் போதும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். சாஃப்ட்வேரில் இருப்பவன் என்பதால் எனக்கு இது கூடுதலாக எரிச்சல் தருகிறது. தன் வேலை நடந்தால் போதும், பக்கத்தில் இருப்பது கெட்டால் கெடட்டும் என்று எழுதிய புரோகிராமை நாங்கள் ரிவ்யூவில் விடமாட்டோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் மொபைல் சிக்னலும் போனது. டவரின் பேட்டரி எத்தனை நேரம்தான் தாங்கும்? அன்றைக்கு 720 கேட்ட தெளிவை மறக்க முடியாது. சுற்றிலும் ஒரு சார்ஜர்கூட ஓடவில்லை. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறப்பது பற்றிய அறிவிப்பைப் பக்கத்து வீட்டு மாமியும் எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து கேட்டார். நாலு பென்சில் பேட்டரி, அவ்வளவுதான் செலவு. (இன்வெர்ட்டர் வீட்டுக்காரர்களுக்கு இது கிடைக்காது. அதுவே இரைச்சல் போடும்.)

சாதாரண நாளில் ஒரு வழி உண்டு. வெளியே இழுத்து நீட்டுகிற ஆன்டெனா மீடியம் வேவுக்கு வேலை செய்யாது. உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் கம்பிதான் அலையைப் பிடிக்கிறது. கம்பியின் முனை நோக்கும் திசையிலிருந்து வருவது அதில் விழாது. அதனால் செட்டைத் தட்டாமாலை மாதிரி மெல்லச் சுற்றினால், ஒரு திசையில் இரைச்சல் அடங்கி நிலையம் மட்டும் நிற்கும். என் வீட்டில் அதற்கு வாகான இடம் ஜன்னல் கட்டை.

போனில் எஃப்.எம். இருந்தாலாவது பரவாயில்லை. இயர்போன் வயர்தான் அதற்கு ஆன்டெனா. அந்த வயரை மாட்டும் ஓட்டையையே பல போன்களில் எடுத்துவிட்டார்கள். எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், "நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்ட ஆபீஸ் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் இருப்பது ஓ.எம்.ஆரில் பதினாலாவது மாடி, சுற்றிலும் கான்கிரீட், அறைக்கு நாலு அடாப்டர், ஜெனரேட்டர் வேறு. முதலில் உங்க ஹால் பல்பை மாத்துங்க, ரேடியோவை அப்புறம் பார்க்கலாம் என்றேன்.