தீவு மாதிரிப் பெட்டி: தட்டு நன்று, அட்டைகளை நம்ப வேண்டாம்

காரைக்குடியில் பள்ளி உபகரணம் விற்கும் கடைகளில் ஒரு புதுப் பெட்டி வந்திருக்கிறது. ஒரு தீவு எப்படி உருவானது என்பது அங்கே எந்த உயிர் வாழும், எது மாறும் என்பதை எப்படித் தீர்மானிக்கிறது, அதைச் செய்துகாட்டுவதற்கான பெட்டி. விலை 2,400 ரூபாய். உள்ளே 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் ஒரு தண்ணீர்த் தட்டு, அதில் பொருத்த இரண்டு பிளாஸ்டிக் நிலப்பரப்பு அச்சுகள், கையால் சுற்றும் ஒரு பெல்ட், கோண்ட்வானா (ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா எல்லாம் ஒன்றாக இருந்த பழைய பெருங்கண்டம்) பலகைத் துண்டுகள், உயிரின அட்டைகள், தமிழில் ஒரு கையேடு. தயாரித்தவர் பெயர் எங்கும் அச்சாகவில்லை. தட்டுக்காகவே வாங்கலாம். அட்டைகளைத் திருத்தாமல் வகுப்பில் கொடுக்கக் கூடாது.

முதலில் தென்னிந்தியா–இலங்கை அச்சு. கிடைமட்டத்தில் 1 செ.மீ. என்பது 15 கி.மீ.; செங்குத்தாக 1 மி.மீ. என்பது 20 மீட்டர். அதாவது உயரமும் ஆழமும் 75 மடங்கு பெருக்கப்பட்டிருக்கின்றன. கையேடு இதைச் சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் கடலோரம் எல்லாம் செங்குத்துப் பாறை என்றே பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். இந்த அளவில் தட்டு ஒரு பக்கம் 3 மி.மீ. சாய்ந்தாலே கடல்மட்டக் கணக்கில் 60 மீட்டர் பிழை வந்துவிடும். பழைய செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்துப் பகுதியில், வைத்துச் செய்யலாம் என்றால், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அங்கே வாட்டம் விட்டிருப்பார்கள். ஆத்தங்குடிக் கல் பார்வைக்கு மட்டமாகத்தான் தெரியும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூலைக்கு மூலை அட்டை செருகிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

பாக் நீரிணையின் பெரும்பகுதி சுமார் 10 மீட்டர் ஆழம்தான். இந்த அளவில் அது அரை மில்லிமீட்டர். தண்ணீர் பிளாஸ்டிக்கில் சீராகப் பரவாமல் திரண்டு நிற்பதால் அந்த அரை மில்லிமீட்டர் காணாமலே போய்விடும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும். நிறத்துக்குச் சொட்டு நீலம் போதும். பேனா மை ஊற்றினால் பிளாஸ்டிக்கில் கறை ஏறிவிடும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்குக் கீழே ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியிருந்தது. தட்டில் 6 மி.மீ. அதற்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுக்க வேண்டியிருக்கும். பெட்டியில் கொடுத்திருக்கும் 50 மி.லி. சிரிஞ்சை வைத்து எடுத்தால் பீரியட் முடிந்துவிடும். ஒரு மெல்லிய டியூபைப் போட்டு வாளிக்குள் வடியவிடுங்கள்.

தண்ணீர் இறங்கியதும் இலங்கை ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒரு காட்சிக்கே பெட்டிக்குப் பாதி விலை கொடுக்கலாம். சறுக்கல் அடுத்த அட்டையில்: “நிலப்பாலம் இருந்ததால் இரு பக்கமும் ஒரே உயிரினங்கள்.” யானை, சிறுத்தை, கரடி, தேவாங்கு வரைக்கும் இது சரி. தவளை, நன்னீர் நண்டு, கேடயவால் பாம்பு என்று வந்தால் தவறு. கடந்த ஐந்து லட்சம் ஆண்டுகளில் இரு நிலங்களும் பலமுறை ஒட்டிப் பிரிந்தும், ஈரக்காட்டு உயிர்களிடையே போக்குவரத்து மிகக் குறைவு. இலங்கையின் நன்னீர் நண்டுகள் ஏறத்தாழ எல்லாமே அங்கே மட்டும் உள்ளவை.

காரணம், கடலுக்கு அடியிலிருந்து வெளிவந்த நிலம் எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது. தேவகோட்டையிலிருந்து தொண்டி போகும் வழியை நினைத்துக்கொள்ளுங்கள்; சீமைக்கருவேலத்தை மட்டும் கழித்துவிடுங்கள், அது பிற்பாடு வந்தது. அந்த மாதிரி வறண்ட சமவெளியை யானை நடந்து கடந்துவிடும். தோலில் ஈரம் காய்ந்தால் செத்துப்போகும் தவளைக்கு அதுவும் கடல்தான். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு தீவு, இலங்கையின் நடுமலை இன்னொரு தீவு. இடையில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலைமை அதுவே. அச்சு செய்தவர்கள் செலவைக் குறைக்க எல்லா மலைகளையும் 400 மீட்டரோடு, அதாவது 2 செ.மீ. உயரத்தோடு வெட்டிவிட்டார்கள். அதனால் முக்கியமான இந்த விஷயம் கண்ணில் படுவதே இல்லை. பரிகாரம் சுலபம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவுக்கும், இலங்கையின் நடுமலை, தென்மேற்குப் பகுதிக்கும் பச்சை எனாமல் பெயிண்ட் அடியுங்கள். கடலடி உட்பட மற்ற இடமெல்லாம் மஞ்சள். இப்போது தண்ணீரை இறக்கினால் மஞ்சள் விரியும். இரண்டு பச்சையும் கடைசிவரை தொட்டுக்கொள்ளாது.

இரண்டாவது அச்சு தென்கிழக்கு ஆசியா. அதில் இருப்பவை இங்குள்ள குடும்பங்கள் கொண்டுவிக்கப் போன, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன ஊர்கள்: பினாங்கு, மேடான், அந்த வரிசை. 120 மீட்டர் இறக்கினால் மலேயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். பாலியும் ஜாவாவோடு சேர்ந்துவிடும். 20-ஆம் நூற்றாண்டு வரை பாலியில் புலி இருந்ததற்கு இதுவே விளக்கம். அடுத்த தீவான லொம்போக் சேராது. இடையில் உள்ள நீரிணை சுமார் 250 மீட்டர் ஆழம், அச்சுக் கணக்கில் 12.5 மி.மீ. 1856-இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இரு கரையிலும் இறங்கிப் பார்த்தபோது பறவைகளே மாறிப்போயிருந்தன. பாலியில் மரங்கொத்தியும் குக்குறுவானும். லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளி.

வாங்கியவர்கள் கையிலுள்ள அச்சில் பெரும்பாலும் லொம்போக்கும் சேர்ந்துவிடும்! சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை உறிஞ்சி அச்சில் படியவைக்கும் முறையில், 6 மி.மீ. அகலமே உள்ள ஒரு பள்ளத்துக்குள் 12 மி.மீ. ஆழத்துக்குத் தகடு இறங்காது, பாதியிலேயே நின்றுவிடும். வாங்கும்போதே ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். 7 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் வேறு அச்சு கேளுங்கள். கிடைக்காவிட்டால், தலை உலர்த்தும் டிரையரால் அந்த இடத்தை இளக்கி, பென்சிலின் மொட்டை முனையால் மெதுவாக அழுத்தலாம். கிழிந்துவிட்டால் அடியில் எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள்.

பெல்ட் எரிமலைத் தீவுகளுக்கு. கீழே நிலையாக ஒரு துளை, அதுதான் கொதிபுள்ளி, அதாவது பூமிக்கடியிலிருந்து உருகிய பாறை மேலெழும் இடம். மேலே கடற்தரைத் தகடாகப் பெல்ட் நகர, ஒவ்வொரு சொடுக்குக்கும் 10 லட்சம் ஆண்டு. துளைக்கு நேரே களிமண் கூம்பு வைத்துக்கொண்டே போக வேண்டும். ஹவாய்க்கு நன்றாகப் பொருந்துகிறது. பெரிய தீவு 10 லட்சம் ஆண்டுகூட ஆகாதது, வடமேற்கே உள்ள கவாய் சுமார் 50 லட்சம். உயிரினங்களும் பெரும்பாலும் பழைய தீவிலிருந்து புதிய தீவுக்குத் தாவிப் புதுப்புது இனங்களாயின. பழ ஈக்கள் இதற்கு நல்ல சான்று. ஆனால் கூம்பை வைத்ததோடு கையேடு விட்டுவிடுகிறது. தீவு தேயும், அமிழும். சொடுக்குக்கு ஒருமுறை கூம்பிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுங்கள். பசிபிக்கின் இன்னொரு எரிமலைத் தீவுக் கூட்டமான கலாபகோஸுக்குப் பெல்ட்டை எதிர்த்திசையில், கிழக்கு நோக்கிச் சுற்ற வேண்டும். அமிழ்ந்த கூம்புகளைத் தூக்கிப் போடவும் கூடாது. அங்கே வாழும் இகுவானா என்ற பெரிய பல்லிகளில் கடல் வகையும் தரை வகையும் பிரிந்த காலம், இன்று தலைகாட்டி நிற்கும் தீவுகளைவிடப் பழையது என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. மூழ்கிப்போன தீவுகளைக் கணக்கில் சேர்க்காமல் அந்த வயதை விளக்க முடியாது.

கோண்ட்வானா பலகையைக் குறை சொல்ல அதிகம் இல்லை. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டது சுமார் 16 கோடி ஆண்டுக்கு முன், இந்தியாவை விட்டது சுமார் 8.8 கோடி. மடகாஸ்கரில் வாழும், தேவாங்கின் உறவான லெமூர்கள் அதற்கு வெகுகாலம் பிறகு கடலில் மிதந்து வந்து சேர்ந்தவை என்பதைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடல் தீவுகளான செஷல்ஸின் துண்டு தனியாகக் கழன்று வருவது அருமை: அது எரிமலைத் தீவு அல்ல, கண்டத்திலிருந்து உடைந்த கருங்கல். 2003-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளைக்கு நெருங்கிய உறவு அந்த செஷல்ஸ் தவளைகள்தாம். அந்த அட்டை மட்டும் பெட்டியில் இல்லை. நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையேட்டில் 88 மில்லியன் என்பதை ஓரிடத்தில் 88 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள், பத்து மடங்கு குறைவு. பேனாவால் அடித்து 880 லட்சம் என்று எழுதிவிட்டுக் கொடுங்கள்.

போர் தண்ணீர் ஊற்றினால் காய்ந்தபின் அச்சில் வெள்ளையாகப் படியும். கொஞ்சம் வினிகர் விட்டுத் துடைத்தால் போய்விடும். பெல்ட் உருளையின் ரப்பர் வளையம் சீக்கிரம் தளர்கிறது, மாற்றுப் பாகமும் கடையில் இல்லை. தையல் மெஷினில் பாபின் சுற்றும் இடத்துக்குப் போடும் ரப்பர் வளையம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.