மூடிய பெட்டியா, திறந்த தட்டா?

எங்கள் பூனை முன்னங்கால்கள் இரண்டையும் அதன் கழிப்பிடமான மண் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, மண்ணில் பட்டும் படாமலும் நின்று சிறுநீர் கழிக்கும். பிறகு மண்ணை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைப் பிறாண்டும். அப்போது நாங்கள் வைத்திருந்தது மூடி போட்ட பெட்டி.

மூடிய பெட்டியில் மண் சிதறாது, பார்வைக்கும் சுத்தம். ஆனால் அந்தச் சுத்தம் நமக்குத்தான். நாற்றம் உள்ளேயே தங்கும்; நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்குடைய பூனைக்கு அது கொடுமை. வாசல் ஒன்றே என்பதால் இன்னொரு பூனை வழிமறித்தால் தப்பவும் முடியாது. கண்ணில் படாததால் நாமும் கழிவை அள்ள மறந்துவிடுகிறோம். தினமும் அள்ளினால் மூடியைப் பொருட்படுத்தாத பூனைகளும் உண்டு.

திறந்த தட்டில் மண் வீடெங்கும் பரவும், உண்மைதான். முன்னால் ஒரு மிதியடி போட்டால் பாதி அடங்கும். பூனையைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள பிளாஸ்டிக் தொட்டியே போதும். மாற்றிய நான்காம் நாள், எங்கள் பூனை நான்கு கால்களையும் உள்ளே வைத்து, குழி பறித்து, மூடிவிட்டு வந்தது. என் ஓட்டு திறந்த தட்டுக்கே.

ஆண் பூனை அடிக்கடி போய் முக்கியும் சொட்டுகூட வரவில்லையென்றால், பெட்டிதான் காரணமா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைப்பாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.