சென்ட்ரிங் சரிந்து கால் மாட்டியவருக்கு எங்கள் ஊர் ஜி.ஹெச்: நாலு ஸ்டார்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவைப் பற்றியது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். கட்டட வேலையில் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

நான் மேஸ்திரி. போர்டிகோவுக்குக் கான்கிரீட் போடும்போது முட்டு நழுவி ஸ்லாப் மொத்தமும் இறங்கிவிட்டது. எங்கள் கொத்தனார் ஒருவருக்கு இரண்டு காலும் தொடை வரை உள்ளே. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், தண்ணீர்கூடக் கேட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்து ஜாக்கி வைக்கவே மணிக்கணக்காகிவிட்டது. தூக்கப்போகும் நேரத்தில் 108-இல் வந்த பெண், "முதல்ல சலைன் ஏறட்டும்ணே, அப்புறம் தூக்குங்க" என்று சொல்லி, பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடி இடிந்து 61 பேர் போனதிலிருந்து, எங்கள் ஆட்களுக்கு இடிபாடு என்றாலே 'சீக்கிரம் வெளியே இழு' என்பதுதான்.

அந்தப் பெண் செய்ததுதான் சரி என்று வார்டில் டாக்டர் விளக்கினார். நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியமும், மயோகுளோபின் என்ற சதைப் புரதமும் கசியும். பாரம் அழுத்தும்வரை பெரும்பகுதி காலிலேயே நிற்கும். பாரத்தை எடுத்ததும் ரத்தத்தில் கலந்து ஒன்று இதயத்தை நிறுத்தப் பார்க்கும், மற்றது சிறுநீரகத்தைக் கெடுக்கும். லண்டன் குண்டுவீச்சில் மீட்கப்பட்டவர்கள் சில நாளில் சிறுநீரகம் கெட்டு இறந்ததைப் பார்த்து 1941-இலேயே பைவாட்டர்ஸ் என்ற டாக்டர் எழுதி வைத்திருக்கிறாராம்.

உயிருக்கு ஆபத்தானவர்களுக்கான சிவப்பு மண்டலத்தில் போட்டதும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். யாரோ ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு வகை டிரிப்) பாட்டிலை மாட்டப்போக, நர்ஸம்மா லேபிளைத் திருப்பிப் பார்த்து, "இதுல பொட்டாசியம் இருக்கு, என்.எஸ். எடு" என்று அதட்டினார். என்.எஸ். என்றால் சாதாரண சலைன். அந்த ஒரு காட்சிக்கே ஸ்டார் போடலாம். மூத்திரப் பை டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. வீக்கம் ஏறிப் பாதம் மரத்துப்போனதும் அன்று இரவே கெண்டைக்கால் தோலை இரு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்தே விட்டார்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் கால் தப்பியது. டயாலிசிஸும் அங்கேயே. பணம் கேட்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கேட்டார், அது வேறு கதை.

ஒரு ஸ்டார் குறைத்தது பிசியோதெரபிக்காக. காயம் ஆறியதும் ஒரு தாளில் நாலு பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாரம் ஏற வேண்டிய ஆளுக்கு அது போதாது. இன்னொன்று, மருத்துவமனைமேல் குற்றம் இல்லை: பக்கத்திலேயே பெரிய தனியார் மருத்துவமனை இருந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அங்கே போகலாமா என்று கேட்டோம். அது சாலை விபத்துக்கு மட்டுமாம். ஸ்லாப் விழுந்தால் கிடையாது.

போகிறவர்கள் கால் எவ்வளவு நேரம் மாட்டியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்களிடம் எல்லா டாக்டரும் முதலில் கேட்டது அதைத்தான்.